நான்கு பக்கமும் ஒரு மூலைவிட்டமும்

(விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய கிரயப் பத்திரம் எதை எடுத்துப் பிரித்தாலும், அதன் சொத்து விவரத்தில் ஒரே நடையில் அமைந்த சில வரிகள் இருக்கும். கிழமேல் வடபுறம் இத்தனை அடி, தென்புறம் இத்தனை அடி. தென்வடல் கீழ்ப்புறம் இத்தனை அடி, மேல்புறம் இத்தனை அடி. ஆக இத்தனை சதுர அடி. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, வந்த இரண்டையும் பெருக்கி அந்தச் சதுர அடி எழுதப்பட்டிருக்கும். கிழமேல் இருபுறமும் 30 அடி, தென்வடல் இருபுறமும் 40 அடி எனின் 1,200 சதுர அடி. எழுதுபவர் ஐயுறுவதில்லை; விற்பவரும் வாங்குபவரும் ஐயுறுவதில்லை. பணம் கைமாறுகிறது.

அக்கணக்கு சரிதானா என்பதே இன்றைய பேச்சின் பொருள். விழா மேடைக்கு ஒவ்வாத பொருள் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆயின் பரப்புக் காணும் இந்த வழியை ஏறத்தாழ 1,150 ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்து நிறுத்துப் பார்த்தவர் ஒரு சமண ஆசாரியர். நிலம் அளப்பதில் நேரும் பிழையைச் சாவகர் நோன்போடு சேர்த்து எண்ணியதும் சமண நூல்களே. ஆதலின் இப்பொருள் பேசத்தக்க இடம் இதுவேயாகும்.

அவ்வாசாரியர் பெயர் மகாவீரர். தீர்த்தங்கரராகிய வர்த்தமான மகாவீரரின் திருப்பெயரைத் தாங்கிய கணித ஆசிரியர் அவர். இருவரையும் ஒருவராக எண்ணி மயங்குதல் கூடாது. மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் காலத்தில், அதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், ‘கணிதசார சங்கிரகம்’ என்னும் வடமொழி நூலை அவர் இயற்றினார். எண்ணறிவை விளக்காகக் கொண்டு உலகை ஒளிரச் செய்த பெருமான் எனச் சினேந்திரரை வணங்கியே நூல் தொடங்குகிறது. 11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் அதனைத் தெலுங்கில் தந்தார். பின்னர் நெடுங்காலம் சுவடிகளில் உறங்கிய அந்நூலை, சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராக விளங்கிய எம். அரங்காசாரியார் பல சுவடிகளை ஒப்புநோக்கிச் செப்பனிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் வெளியிட்டார். அச்சிட்டது சென்னை அரசாங்க அச்சகம். வைணவ மரபில் வந்த அறிஞர் ஒருவர் சமண நூலுக்கு இவ்வளவு உழைத்தமை தமிழ்ச் சமணர் மறக்கத்தகாத செய்தி.

நூலின் ஏழாம் அதிகாரம் க்ஷேத்திர கணிதம். க்ஷேத்திரம் என்றால் வயல். வடிவம் என்பதற்கே வயல் என்ற சொல்லை அக்காலக் கணிதர் ஆண்டனர் என்பதை ஊன்றி நோக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்று தாளில் வரைந்த கோடாக மட்டும் தெரியும் முக்கோணம், அன்று வரப்புச் சூழ்ந்த நிலம். முக்கோணத்தில் மூன்று, நாற்கரத்தில் ஐந்து, வளைகோட்டு வடிவங்களில் எட்டு எனப் பதினாறு வகை வயல்களை மகாவீரர் எடுத்துக்கொள்கிறார். இவற்றுக்கு மேல் யவதானியம் போன்றது, முழவு போன்றது, வச்சிரம் போன்றது, யானைத் தந்தம் போன்றது எனவும் அடுக்குகிறார். நான்கு வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்க, நடுவில் அகப்படும் சிறு இடைவெளிக்கும் விதி சொல்கிறார்: விட்டத்தின் வர்க்கத்திலிருந்து ஒரு வட்டத்தின் பரப்பைக் கழிக்க வேண்டும். நான்கு நாணயங்களை மேசைமேல் ஒட்டி வைத்துப் பார்த்தால் அது ஏன் என்பது பிள்ளைகளுக்கே விளங்கிவிடும்.

இவ்வடிவங்களுக்கு அவர் இருவகைக் கணக்குத் தருகிறார். ஒன்று வியாவகாரிகம்; அன்றாட வழக்குக்குரிய பருங்கணக்கு. மற்றது சூக்குமம், நுண்கணக்கு. இப்பகுப்பு அவருக்கு முன் பிரம்மகுப்தரிடமும் உண்டு. எதிர்ப் பக்கங்களின் கூட்டற்பாதிகளைப் பெருக்குவது பருங்கணக்கு என்று மகாவீரர் வெளிப்படையாகவே பெயரிட்டு வைத்தார். எகிப்தில் எட்ஃபு என்னும் ஊரின் கோயிற் சுவரில், கோயிலுக்கு விடப்பட்ட நிலங்களின் பரப்பு இதே முறையில் கணக்கிடப்பட்டுப் பொறிக்கப்பட்டுள்ளது. உலகின் பல மூலைகளில் உழவர் இதைத்தான் கையாண்டிருக்கின்றனர். கிரயப் பத்திரம் எழுதுவோர் இன்றும் கைவிடவில்லை.

அதில் உள்ள குறை யாது? வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் உழவையே வாழ்வாகக் கொண்ட சமணக் குடும்பங்களில் மூத்தோர் நாவில் ‘காணி’ என்னும் அளவு இன்றும் வழங்குகிறது. 24 அடி நீளமும் 24 அடி அகலமும் உடைய சதுரம் ஒரு குழி. அஃது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. அது 57,600 சதுர அடி, ஏக்கர் கணக்கில் 1.32. சோழநாட்டில் குழியும் வேறு, நூறு குழிக்குப் பெயரும் மா என்பது. கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியதனால்தான் கல்வெட்டுகள் இன்ன கோலால் அளந்த நிலம் என்று தவறாமல் குறிக்கின்றன. பள்ளிச்சந்தமாக விடப்பட்ட நிலங்களும் அவ்வாறே குறிக்கப்பட்டன. எவ்வாறாயினும் பரப்பு என்பது அடிப்படையில் ஓர் எண்ணிக்கை: ஒரு கோல் சதுரங்கள் எத்தனை அந்நிலத்தில் அடங்கும் என்பதே.

24 அடிக் கோலால் நாற்புறமும் பப்பத்துக் கோல் உள்ள வயல் ஒன்றைக் கொள்வோர் பத்தைப் பத்தால் பெருக்கி நூறு குழி, ஒரு காணி என்பர். மூலைகள் செங்கோணமாக இருந்தால் அது முற்றும் சரி. மூலைகள் சற்றே சாய்ந்து, ஒரு மூலைவிட்டம் 16 கோலும் மற்றது 12 கோலுமாக இருந்தால்? சாய்சதுரத்தின் பரப்பு மூலைவிட்டங்களின் பெருக்கற்பலனில் பாதி. ஆகவே 96 குழிதான். இன்னும் சாய்ந்து, மூலைவிட்டங்கள் 19.2 கோலும் 5.6 கோலுமாக இருந்தால் 53.76 குழி. நான்கு பக்கமும் அதே பத்துக் கோல். வரப்பின்மேல் கோல் வைத்து அளப்பவருக்கு எவ்வேறுபாடும் தோன்றாது. ஒரு காணிக்குப் பணம் கொடுத்தவர் பெறுவதோ அரைக் காணிக்குச் சற்று மேல். 132 சென்ட் என்று எண்ணியது 71 சென்ட். இத்துணைச் சாய்ந்த வயல் அரிது என்பது உண்மையே. ஆயினும் ஏரிக்கரையின் கீழும் ஓடைக் கரையிலும் உள்ள நிலங்களைக் கண்டவர், செங்கோண மூலையும் அவ்வளவே அரிது என்பதை அறிவர்.

மூட்டுத் தளர்ந்த கயிற்றுக் கட்டிலை நினைத்தால் இது தெளிவாகும். சட்டங்கள் நான்கும் நீளம் மாறுவதில்லை. ஒரு பக்கம் தள்ளினால் கட்டில் சாய்கிறது. படுக்கும் இடம் குறுகுகிறது. முற்றச் சாய்த்தால் சட்டத்தோடு சட்டம் ஒட்டி இடமே இல்லாமற் போகிறது. இரு பக்கங்களின் நீளம் மட்டும் தரப்பட்டால், அவை செங்கோணத்தில் கூடும்போதுதான் முக்கோணம் மிகப் பெரிதாகும். ஒவ்வொரு நாற்கரமும் மூலைவிட்டத்தால் இரு முக்கோணமாகப் பிரிவதால், பருங்கணக்கு ஒருநாளும் உண்மைப் பரப்பைவிடக் குறைத்துச் சொல்லாது; செவ்வகத்தில் சரியாகச் சொல்லும், மற்ற எல்லாவற்றிலும் மிகுத்தே சொல்லும். இந்த ஒருபுறச் சாய்வே கவலைக்குரியது. மேலும் கீழுமாக மாறி மாறி வரும் பிழையாயின் காலப்போக்கில் ஒன்றையொன்று ஈடுசெய்யும். இதுவோ எப்போதும் விற்பவருக்கு ஆதாயம், வாங்குபவருக்கு நட்டம். வரி தண்டிய அரசுக்கும் ஆதாயமாகவே இருந்திருக்கும்.

முக்கோண வயலுக்கும் பருங்கணக்கு உண்டு. நான்காம் பக்கம் சுழியம் என்று வைத்து, அடியில் பாதியை மற்ற இரு பக்கக் கூட்டலின் பாதியால் பெருக்குவது. பக்கங்கள் 13, 14, 15 கோல் எனின், 14இல் பாதி 7. 13உம் 15உம் கூடிப் பாதி 14. ஆக 98 குழி. நுண்கணக்கோ வேறு. மூன்று பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்கினால் 21. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழிக்க 8, 7, 6. நான்கு எண்களையும் பெருக்க 7,056. அதன் வர்க்கமூலம் 84. ஐயமுள்ளோர் 14 கோல் அடியின்மேல் எதிர் மூலையிலிருந்து செங்குத்து இறக்கி அளந்தால் 12 கோல் வரும். 14ஐ 12ஆல் பெருக்கிப் பாதியாக்கினாலும் 84 தான். பருங்கணக்கு ஏற்றிச் சொன்னது 14 குழி; உண்மையில் ஆறில் ஒரு பங்கு.

இம்முக்கோணத்தை உடன்பிறந்தார் இருவர் பாகம் பிரிப்பதாக வைத்துக்கொண்டால் வேறொரு வேடிக்கையும் உண்டு. பக்கவாட்டு வரப்புகளின் நடுப்புள்ளிகளை இணைத்து, அடி வரப்புக்கு இணையாகக் குறுக்கே புதிய வரப்பு போட்டால், பார்வைக்கு நடுவில் வெட்டியதாகத் தோன்றும். மேல் துண்டில் 21 குழி, கீழ்த் துண்டில் 63 குழி. அடியின் நடுப்புள்ளியிலிருந்து எதிர் மூலைக்கு வரப்பு போட்டாலோ, இரு துண்டும் வடிவில் ஒவ்வாதனவாகத் தோன்றினாலும் தலைக்கு 42 குழி. அடியும் சமம், உயரமும் ஒன்று என்பதே காரணம். கண் சொல்வதைக் கேட்டுப் பாகம் பிரித்து, மூன்று தலைமுறை பேசாதிருந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வட்டத்துக்கு வருவோர்க்குச் சமண மரபில் தனியே ஒரு பெருமிதம் உண்டு. சம்புத் தீவம் வட்டமானது, அதன் விட்டம் ஓர் இலட்சம் யோசனை என்பது தத்துவார்த்த சூத்திரம் கற்ற யாவரும் அறிந்தது. அதன் சுற்றளவை விட்டத்தின் மும்மடங்கு என்று விட்டுவிட முன்னோர்க்கு மனமில்லை. விட்ட வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டனர். வந்த விடை 3,16,227 யோசனை, 3 குரோசம், 128 தனுசு, பதின்மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். இலட்சம் யோசனை விட்டமுள்ள வட்டத்தை அங்குலம் வரை விடாது கணக்கிட்ட அந்த மனநிலையைப் போற்றாதிருக்க இயலாது. அச்சுற்றளவை விட்டத்தின் கால் பங்கால் பெருக்கி, 790 கோடியே 56 இலட்சத்து 94 ஆயிரத்து 150 சதுர யோசனைக்குச் சற்று மேல் எனப் பரப்பும் கண்டனர்.

கால் விட்டத்தால் பெருக்குவது ஏன் என்பதற்கு அடுப்பங்கரையிலேயே விடை உண்டு. வட்டமான அடையை நடுவிலிருந்து மெல்லிய கீற்றுகளாக அறுத்து, ஒன்றின் கூர் மேலும் அடுத்ததன் கூர் கீழுமாக மாற்றி அடுக்கினால், ஏறத்தாழ ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் நீளம் சுற்றளவில் பாதி. அகலம் விட்டத்தில் பாதி. பாதியைப் பாதியால் பெருக்குவதும், முழுச் சுற்றளவைக் கால் விட்டத்தால் பெருக்குவதும் ஒன்றே. தமிழில் வழங்கும் ‘கணக்கதிகாரம்’ வட்ட நிலத்தின் குழி காணச் சொல்லும் விதியும் இதுவே.

மகாவீரரும் வட்டத்துக்கு மூன்றைப் பருங்கணக்காகவும், பத்தின் வர்க்கமூலத்தை நுண்கணக்காகவும் கொண்டார். 20 கோல் விட்டமுள்ள குளத்துக்கு முன்னது 300 குழி தரும், பின்னது 316.2. இன்றைய கணக்குப்படி 314.16. நுண்கணக்கிலும் இரண்டு குழி மிகை உண்டு. ஆயினும் பதினான்கு குழிப் பிழையை இரண்டாகக் குறைத்தது சிறு செயலன்று.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். விழா மலர்களில் முன்னோர் பெருமை பேசும்போது, அவர்கள் கண்டதெல்லாம் பிழையற்றது என எழுதிவிடும் பழக்கம் உண்டு. அது அவர்களுக்குச் செய்யும் சிறப்பன்று. நீள்வட்டத்தின் பரப்புக்கு மகாவீரர் தந்த விதி சரியன்று. நீளம் மிக மிக அது பெரிதும் தவறும். நாற்கரத்துக்கு அவர் தந்த நுண்கணக்கிலும் ஒரு தடை உண்டு. முக்கோணத்துக்குச் செய்தது போலவே நான்கு பக்கக் கூட்டலின் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, வந்த நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் காண்பது அது. நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின்மேல் படியும் நாற்கரத்துக்கு மட்டுமே அது பொருந்தும். முன்சொன்ன சாய்ந்த வயலில் வைத்துப் பார்க்கலாம். பக்கங்கள் பப்பத்து, கூட்டற்பாதி 20, கழிக்க நான்கு முறையும் 10, பெருக்கி மூலம் காண, மறுபடியும் 100. உண்மையோ 53.76. நுண்கணக்கும் கைவிட்டது.

காரணம் ஆசாரியரின் கவனக்குறைவு மட்டுமன்று. நான்கு பக்கங்களை எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும் நாற்கரத்தின் பரப்பு அவற்றுள் அடங்கியிருப்பதில்லை. கயிற்றுக் கட்டில் காட்டியது அதைத்தான். ஐந்தாவதாக ஓர் அளவு வேண்டும், மூலைவிட்டமோ செங்குத்தோ. மூலைவிட்டமும் செங்குத்தும் சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனையும், அதற்கு விடை சொல்பவனையும் 1150இல் இயற்றிய லீலாவதியில் பாஸ்கரர் பேய் என்றே ஏசுகிறார். செங்குத்தைக் கொண்டு காணும் வழியையும் மகாவீரர் உடன் சொல்லி, பக்கங்கள் நான்கும் ஒவ்வாத விடம நாற்கரத்துக்கு அவ்வழி ஆகாது என்று எச்சரித்தும் இருக்கிறார். அவ்வளவில் அவர் விழிப்பாகவே இருந்தார்.

இனி நோன்பு. ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவது கள்ளாமை. அதற்கு இழுக்காகும் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரமும், சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் எண்ணுகின்றன. அவற்றுள் ஒன்று குறைத்தும் கூட்டியும் அளத்தல். இதற்கு எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது கடைக்காரரின் படியும் தராசும். உழவையே தொழிலாகக் கொண்ட தமிழ்ச் சமணர்க்குப் படியைவிடக் கோலே பொருத்தமான எடுத்துக்காட்டு. வாங்கும்போது பெரிய படி, விற்கும்போது சிறிய படி வைத்திருப்பவரை ஊர் எளிதில் அடையாளம் காணும். மிகுத்தே சொல்லும் விதி ஒன்றைப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவரை எவரும் அடையாளம் காண்பதில்லை. அவருக்கே அது தெரிவதில்லை.

தெரியாமற் செய்தது களவாகுமா என்று கேட்கலாம். ‘பிரமாதம்’ என்ற சொல் இன்று பாராட்டுச் சொல்லாகிவிட்டது. சமண நூல்களில் அதன் பொருள் கவனமின்மை. கொலை, பொய், களவு ஆகியவற்றை விளக்கும் இடத்தில் சமண நூல்கள் முதலில் வைத்து எண்ணுவது அப்பிரமாதத்தையே. பாட்டன் காலத்துப் பத்திரத்தில் இருந்த அளவை அப்படியே எழுதிக் கொடுத்தவர் திருடர் அல்லர். ஆயினும் அளவுநாடாவைக் குறுக்கே ஒரு முறை பிடித்துப் பார்க்கக் கூடிய இடத்தில், பார்க்காமல் விட்டவர் அவர்.

அதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. நில அளவைத் துறையின் புலப்படத்தைப் பார்த்தவர்கள், வயலின் எல்லைக்கோடுகளோடு, மூலையிலிருந்து மூலைக்கு உள்ளே செல்லும் கோடுகளையும் கண்டிருப்பர். அவை வரப்பும் அல்ல, வாய்க்காலும் அல்ல, அளவைக் கோடுகள். வயலை முக்கோணங்களாகப் பிரித்து, கோட்டிலிருந்து வளைவுகள் எத்தனை தொலைவு விலகியுள்ளன என்பதைச் செங்குத்தாக அளந்து குறித்திருப்பர். பத்திரம் நான்கு பக்கத்தோடு நின்றுவிட, புலப்படம் ஐந்தாவது அளவையும் தாங்கி நிற்கிறது. இரண்டும் முரண்படும்போது பெரும்பாலும் பிழை எந்தப் பக்கம் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. நிலம் விற்க எண்ணும் குடும்பங்கள், பத்திரத்தை எடுக்கும்போதே புலப்படத்தின் நகலையும் பெற்று அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

தொடக்கத்தில் சொன்ன மனை 30க்கு 40. மூலைகள் செங்கோணமாயின் மூலைவிட்டம் சரியாக 50 அடி இருக்க வேண்டும். கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் 3, 4, 5 கணக்கு அது. 50 வந்தால் 1,200 சதுர அடி என்பதில் ஐயமில்லை. தெரு சாய்வாகச் செல்லும் இடத்தில் அதே மனைக்கு ஒரு மூலைவிட்டம் 40 அடியே வந்தால், மனை 30, 40, 40 பக்கமுள்ள இரு முக்கோணங்களாகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 556 சதுர அடி. இரண்டும் சேர்ந்து 1,112. பத்திரத்தில் இருந்து நிலத்தில் இல்லாதது 88 சதுர அடி. அதாவது எட்டடிக்குப் பதினோரடி அளவுள்ள ஒரு சமையலறை.